கடற்காற்றும் கொடிக்கம்பமும்

அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்திருப்பீர்கள். நான்காவது தீர்மானம் புதிய கொடிக்கம்பம். சம்ப் சுத்தம் செய்வது, லிப்ட் ஒப்பந்தம், விருந்தினர் பார்க்கிங் ஆகிய மூன்றும் முடிந்து நான்காவதுக்கு வரும்போது மணி பன்னிரண்டாகியிருக்கும். "சரி, எது மலிவோ அதைப் போடுங்க" என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் கை தூக்கிவிட்டு சாப்பிடக் கிளம்பிவிடுவோம். அதனால்தான் முன்கூட்டியே இந்தக் கட்டுரை.

பழைய கம்பத்தின் கதை உங்களுக்குத் தெரியும். பி பிளாக் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் இரண்டு கிளாம்ப் போட்டு நிறுத்திய இரண்டு அங்குல ஜி.ஐ. பைப். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரிக் காற்றில் சுவரின் மேல் வரிசைச் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்கு நேர் கீழே குழந்தைகளின் ஊஞ்சல். காலையில் செக்யூரிட்டி பார்த்துச் சொல்லி, கயிறு கட்டி உள்பக்கம் இழுத்து இறக்கினார்கள். ஆறு மாதமாக நாம் கம்பம் இல்லாமல் இருக்கிறோம். இப்போது மேஜையில் மூன்று யோசனைகள்: அதே மொட்டை மாடியில் இன்னும் தடிமனான பைப், தோட்டத்தில் 30 அடிக் கம்பம், நுழைவாயிலில் "நாலு தெருவுக்குத் தெரியிற மாதிரி" 60 அடிக் கம்பமும் பெரிய கொடியும்.

எது வேண்டும் என்று சொல்வதற்கு முன், இதே கடற்கரையில் இதே காற்றில் கம்பம் நட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். நமக்குப் பக்கத்திலேயே மிக நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கு ஏதாவது வேலையாகப் போகும்போது அண்ணாந்து பார்த்திருப்பீர்கள்.

புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிக்கம்பம் எலிஹு யேல் காலத்தில், 1680களின் பிற்பகுதியில் வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் பெயர் வாங்கியது இவரிடமிருந்துதான். அதுவரை கோட்டையில் கம்பெனியின் கொடி பறந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் அனுமதி கொடுத்த பிறகு அரசுக் கொடி ஏறியது. முதல் கம்பம் கரையில் சிதைந்த லாயல் அட்வெஞ்சர் என்ற கப்பலின் பாய்மரம் என்று சென்னை வரலாறு எழுதியவர்கள் சொல்வதுண்டு. இதில் வியப்புக்கு இடமில்லை. உயரமாக ஒரு மரத்தை நிறுத்தி, அதில் துணி கட்டி, அது காற்றில் முறியாமல் பார்த்துக்கொள்ளும் கலை அந்தக் காலத்தில் கப்பல்காரர்களிடம்தான் இருந்தது. கொடி, கப்பி, இழுகயிறு, கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு என்று இன்றைய கொடிக்கம்பத்தில் நாம் பார்க்கும் எல்லாமே பாய்மரத்திலிருந்து கரையேறியவை. தமிழிலும் இந்த உறவு பழையது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைச் சொல்லிக்கொண்டு போகும்போது மரக்கலங்களின் கொடிகளையும் சேர்த்தே சொல்கிறது.

கோட்டைக்குக் கம்பம் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வருவார்கள். கரையிலிருந்து கப்பலுக்குச் செய்தி சொல்ல இருந்த வழி கொடி. காற்று மோசமாகிறது, நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய்விடுங்கள் என்று கம்பம்தான் சொல்ல வேண்டும். 1746 செப்டம்பரில் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அடுத்த மாதமே இந்தக் கடலில் அடித்த புயலில் தன் கப்பல்கள் பலவற்றை இழந்தார். கோட்டையைப் பிடித்தவரால் அக்டோபர் மாதத்துக் காற்றைச் சமாளிக்க முடியவில்லை. நம் கம்பம் நிற்கப் போவதும் அதே கரைதான், அதே அக்டோபர்தான்.

கோட்டைக் கம்பம் தேக்கு. சுமார் 150 அடி உயரம். நாட்டிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று என்ற பெயர் அதற்கு நெடுங்காலம் இருந்தது. 1932 ஜனவரி 26 அதிகாலைக்கு முன், காவல் நிறைந்த கோட்டைக்குள் புகுந்து அந்தக் கம்பத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டியவர் ஆர்யா என்ற பாஷ்யம். பின்னாளில் ஓவியராக அறியப்பட்டவர். முண்டாசு கட்டிய பாரதியார் என்றதும் நம் கண்முன் வரும் முகம் இவர் வரைந்தது. 150 அடி மரத்தில் இருட்டில், கடற்காற்றில், கைப்பிடியோடு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். நம் வளாகத்துத் தண்ணீர்த் தொட்டி ஏணியிலேயே ஏறத் தயங்குகிறோம்.

1947 ஆகஸ்ட் 15 அன்று விடியற்காலை 5 மணி 5 நிமிடத்துக்கு அந்தக் கம்பத்தில் இந்தியக் கொடி ஏறியது. அந்தக் கொடியை நீங்கள் இன்றும் பார்க்கலாம். கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பட்டுத்துணி. அளவு சுமார் 12 அடிக்கு 8 அடி. (1974 வரை சுதந்திர தினத்தில் ஆளுநர்கள் ஏற்றினார்கள். முதலமைச்சர்கள் ஏற்றும் உரிமையை மத்திய அரசிடம் கேட்டு வாங்கி, அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் முதன்முதலாக ஏற்றியவர் மு. கருணாநிதி. அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.)

அந்த அளவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 150 அடிக் கம்பத்தில் 12 அடி நீளக் கொடி. பன்னிரண்டில் ஒரு பங்கு. நாடே விழித்திருந்து பார்த்த நாளில்கூடக் கம்பத்தின் உயரத்துக்கு ஏற்பக் கொடியைப் பெரிதாக்கவில்லை. பக்கத்தில் கடல், மேலே தடுப்பே இல்லாத காற்று.

இதற்கு நேர் எதிர் உதாரணம் எழுபது ஆண்டுகள் கழித்துப் பஞ்சாபில். 2017 மார்ச்சில் அட்டாரி எல்லையில் 360 அடி உயரக் கம்பம் நிறுத்தினார்கள். அப்போது நாட்டிலேயே உயரமானது அதுதான். கொடி 120 அடிக்கு 80 அடி. மூன்றில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: கோட்டைக் கொடி 96 சதுர அடி, அட்டாரிக் கொடி 9,600 சதுர அடி. சரியாக நூறு மடங்கு. திறந்து சில வாரங்களுக்குள்ளேயே காற்றில் கொடி மீண்டும் மீண்டும் கிழிந்தது. ஒவ்வொரு முறையும் இறக்கி மாற்ற வேண்டும். அந்த அளவில் ஒரு கொடியின் விலை லட்சக்கணக்கில். கடைசியில் கம்பம் வெறுமனே நின்ற நாட்களும் உண்டு. ராஞ்சியில் 2016இல் பஹாடி மந்திர் குன்றின் மேல் நிறுத்திய 293 அடிக் கம்பத்துக்கும் இதே அனுபவம்தான். அட்டாரியில் 2023இல் இன்னும் உயரமாக, 418 அடிக்கு, வேறு கம்பம் வந்துவிட்டது. எல்லையில் அந்தப் பக்கத்துக்காரரும் 400 அடிக்கு நிறுத்தியிருக்கும்போது அங்கே அளவுக்கு வேறு நியாயம் இருக்கலாம். நமக்கு எதிரே பால் பூத்துதான் இருக்கிறது.

கிழிவது ஏன் என்று கேட்டால், கொடியின் கட்டிய ஓரம் நிலையாக இருக்கிறது, வெளி ஓரம் சாட்டை மாதிரி அடித்துக்கொள்கிறது. முதலில் வெளி ஓரத்துத் தையல் பிரியும், பிறகு துணி வரிவரியாகக் கிழியும். கொடி நீளமாக ஆக அந்தச் சாட்டையடி பலமாகிறது. மழையில் நனைந்த கதர் என்றால் எடையும் கூடும். இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு: கிழிந்த, கசங்கிய கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று கொடிச் சட்டத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. 60 அடிக் கம்பத்தில் பெரிய கொடி வேண்டும் என்பவர்கள், மாதா மாதம் புதுக் கொடிக்குப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து ஒதுக்குவதற்கும் சேர்த்துத்தான் கை தூக்குகிறார்கள்.

கம்பத்துக்கு வருவோம். காற்றின் கணக்கு ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தக் கொட்டேஷனையும் படித்துவிடலாம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கட்டடங்களுக்கான காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தரம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் நாடு முழுவதும் ஊர் ஊராக அடிப்படைக் காற்று வேகம் கொடுத்திருக்கிறார்கள். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் வினாடிக்கு 39 மீட்டர். திருச்சிக்கு 47. சென்னைக்கு 50. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான தள்ளுதல். மதுரையில் அதே பரப்புக்கு 90 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மதுரையில் உள்ள மாமா வீட்டு அப்பார்ட்மென்ட்டில் இதே பைப் பத்து வருஷமாக நிற்கிறதே என்று ஒருவர் கமிட்டியில் சொன்னார். நிற்கும். அங்கே அதற்கு வேலை குறைவு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது நம்மில் பலர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்த அந்தக் காற்றில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மேலே சொன்ன தரம் கேட்பது அதைவிட அதிகமான வேகத்துக்குத் தாங்கும் கட்டுமானம். "வர்தாவையே தாங்கின டிசைன் சார்" என்று விற்பனையாளர் சொன்னால் போதாது. சென்னைக்கான 50 மீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்ட தாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

30 அடி, அதாவது 9 மீட்டர் உயரமும் சராசரி 10 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியே இல்லாமல் அதன் முகப்பரப்பு 0.9 சதுர மீட்டர். உச்சக் காற்றில் சுமார் 135 கிலோ தள்ளுதல். உருளை வடிவத்தைப் பொறுத்து இது முன்னே பின்னே ஆகும்; தோராயத்துக்கு இது போதும். இந்தத் தள்ளுதல் கம்பத்தின் நடுவில், நாலரை மீட்டர் உயரத்தில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், அடியில் அதைப் புரட்டப் பார்க்கும் விசை, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் 600 கிலோ எடையை வைத்துப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். கொடி பறந்துகொண்டிருந்தால் அந்தத் துணியின் இழுப்பு உச்சியிலிருந்து வருகிறது. நெம்புகோலின் நீளமான முனையிலிருந்து. கொடியின் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு. மூன்றடிக் கொடிக்குப் பதில் ஆறடிக் கொடி என்பது கேட்க ஒரு மடங்கு பெரிது, கம்பத்தின் அடிக்கு நான்கு மடங்கு வேலை.

எல்லாம் கடைசியில் அடியில் வந்து சேர்கிறது. பழைய கம்பங்களின் ஆயுளும் அடியில்தான் முடிந்திருக்கிறது. கேரளத்துக் கோயில்களில் கொடிமரத்துக்குத் தேக்கை வெட்டியதும் நட்டுவிடுவதில்லை. மூலிகைகள் சேர்த்த எண்ணெயில், மரத்தின் நீளத்துக்கே செய்த தொட்டியில், மாதக்கணக்கில் ஊறப் போடுவார்கள். பிறகு மேலே செம்போ பித்தளையோ கவசம். மழையும் கரையானும் மரத்துக்குள் புகாமல் இருக்க இத்தனை ஏற்பாடு. நம் பக்கத்துக் கோயில்களிலும் கவசம் உண்டு. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: திருவிழாக் கொடியேற்றத்தில் பல கோயில்களில் கொடித்துணியைத் தர்ப்பையோடு கம்பத்தைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். பறப்பதற்கு விடுவதில்லை. காற்றைப் பிடிக்க அங்கே துணியே இல்லை.

லண்டனில் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1959இல் கனடாவிலிருந்து வந்த ஒரே மரத்தை, டக்ளஸ் பர் என்ற ஊசியிலை மரத்தை, 225 அடிக் கொடிக்கம்பமாக நிறுத்தினார்கள். சுற்றிலும் எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டிய கம்பம். காற்றில் அது விழவேயில்லை. 2007இல் அதைத் தாங்களே இறக்கினார்கள். மரம் உளுத்துப் போயிருந்தது, மரங்கொத்திகளும் துளைத்திருந்தன. நம் கோட்டைத் தேக்குக்குப் பதில் 1994இல் எஃகு வந்தது. எஃகுக்குக் கரையான் பயமில்லை, மரங்கொத்தி பயமில்லை. ஆனால் உப்புக்காற்று இருக்கிறது.

நம் பகுதியில் பால்கனி கிரில்லுக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கிறோம் என்று யோசியுங்கள். இரும்புக் கம்பத்தை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைத்தால், மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு விரல் உயரத்தில் தண்ணீர் தேங்கும். துரு முதலில் அங்கே பிடிக்கும். பெயின்ட் அடிப்பவர் கீழே குனிந்து அந்த இடத்துக்கு அடிக்கவும் மாட்டார். வெளியே பளபளவென்று இருக்கும் கம்பம் அடியில் காகிதமாகியிருக்கும். உள்ளே மழைநீர் இறங்கித் தேங்கினால் இன்னும் மோசம், வெளியிலிருந்து தெரியவே தெரியாது. தெருவோரக் கொடிக்கம்பங்கள் பல ஒரு நாள் காரணமே இல்லாமல் சாய்வது இப்படித்தான். (அரசியல் கட்சிகளின் கம்பங்களைப் பொது இடங்களிலிருந்து அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டது நினைவிருக்கும். நம்முடையது சொந்த வளாகம், தேசியக் கொடி. அந்தக் கவலை நமக்கில்லை.)

ஆகவே கம்பத்தை மண்ணில் புதைக்காமல், கான்கிரீட் மேடையில் பதித்த போல்ட்டுகளின் மேல் அடித்தகட்டோடு நிறுத்துவதே நல்லது. தகடு தரையிலிருந்து நாலு விரல் உயர்ந்திருக்க வேண்டும். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை வேண்டும். கீல் வைத்த அடித்தகடும் கிடைக்கிறது. நான்கு பேர் சேர்ந்து கம்பத்தைச் சாய்த்துத் தரையில் படுக்க வைத்து, கப்பியை மாற்றி, பெயின்ட் அடித்து மறுபடி நிமிர்த்தலாம். அதற்குக் கூடுதல் செலவு ஆகும். ஆனால் 30 அடி உயரத்தில் கப்பி துருப்பிடித்துக் கொடி பாதியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? அரைக் கம்பத்தில் கொடி நின்றால் தெருவில் போகிறவர்கள் யார் இறந்தார்கள் என்று கேட்பார்கள். அப்புறம் கிரேன் வரவழைக்க வேண்டும்.

மேடை எவ்வளவு பெரியது? எங்கள் கைக்கு வந்த கொட்டேஷன் ஒன்றில் "ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, கான்கிரீட் உட்பட" என்று இருந்தது. ஒன்றரை அடிக் கனசதுரக் கான்கிரீட்டின் எடை 220 கிலோ அளவுதான். நீளம் அகலம் ஒரு மீட்டர், ஆழம் 1.2 மீட்டர் என்றால் 2.9 டன். மேலே சொன்ன 600 கிலோ இழுப்புக்கு எதிரே எதை வைக்க விரும்புகிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். நம் மண் மணல் கலந்தது, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மூன்றடியில் நிற்கிறது. ஆகவே இறுதி அளவை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். அவருடைய கட்டணம் கம்பத்தின் விலையில் சிறு பகுதிதான்.

கம்பத்தின் உடம்புக்கு மூன்று தேர்வுகள் வந்திருக்கின்றன. தெருவிளக்குக் கம்பம் மாதிரி அடியில் அகன்று மேலே மெலியும் எண்கோணக் கம்பம், உருக்கிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்தது. எவர்சில்வர் கம்பம். சாதாரண ஜி.ஐ. பைப்புகளைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒன்றோடொன்று வெல்டிங் வைத்தது. மூன்றாவது மலிவு. ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கே ஆரம்பிக்கும். எவர்சில்வர் என்றால் தரம் கேட்டு எழுதி வாங்குங்கள். சமையலறைப் பாத்திர வகையான 304 கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும். 316 தாங்கும், விலை கூடும். என் ஓட்டு முதலாவதுக்கு. மேலே மெலிவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே தடிமனான பைப் மிதமான காற்றிலேயே ஒரே தாளத்தில் அதிர ஆரம்பிக்கும்; அந்த அதிர்வு போல்ட்டுகளைத் தளர்த்தும். மெலிந்துகொண்டே போகும் கம்பத்தில் காற்றுக்கு அந்தத் தாளம் பிடிபடாது.

மொட்டை மாடி யோசனையை ஆதரிப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தரையைவிட மாடியில் காற்று வேகம் அதிகம், கட்டட விளிம்பில் இன்னும் அதிகம். கைப்பிடிச் சுவர் ஆள் சாய்வதற்குக் கட்டியது, கம்பம் நெம்புவதற்கு அல்ல. மாடித் தளத்தில் துளையிட்டால் நீர்க்காப்புப் பூச்சு போய்விடும். ஒழுகல் புகார் முதலில் ஐந்தாவது மாடியிலிருந்து வரும். இடி மின்னலுக்கு எர்த்திங் தனி. எல்லாவற்றுக்கும் மேல், விழுந்தால் ஐம்பது அடி கீழே விழும். தோட்டத்தில் விழுந்தால் 30 அடி வட்டத்துக்குள் விழும். அந்த வட்டத்தில் ஊஞ்சல் இல்லாமலும், மேலே மின்கம்பி போகாமலும் பார்த்துக்கொண்டால் போதும். மின்கம்பி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் இரும்புக் கம்பத்தைத் தூக்கி நிமிர்த்தும்போது மேலே போகும் கம்பியில் பட்டு உயிர் போன செய்திகளை நாளிதழில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

இத்தனை கவலையும் நமக்கு எப்போது வந்தது தெரியுமா? 2002க்கு முன் ஓர் அப்பார்ட்மென்ட் சங்கம் ஆண்டு முழுவதும் தேசியக் கொடி பறக்கவிட முடியாது. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி போன்ற சில நாட்கள் மட்டும். ராய்கரில் உள்ள தன் தொழிற்சாலையில் கொடி ஏற்றியதை அதிகாரிகள் தடுத்ததால் தொழிலதிபர் நவீன் ஜிந்தால் நீதிமன்றம் போனார். 1995இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2002 ஜனவரி 26 முதல் புதிய கொடிச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பொதுமக்களுக்கு எல்லா நாட்களையும் திறந்துவிட்டது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடி பறக்கவிடுவது குடிமக்களின் கருத்துரிமையில் அடங்கும் என்று உறுதி செய்தது. 2021 டிசம்பரில் பாலியெஸ்டர் கொடிக்கும் இயந்திரத்தில் செய்த கொடிக்கும் அனுமதி. 2022 ஜூலையில் இரவிலும் பறக்கவிடலாம் என்று திருத்தம்.

கடைசித் திருத்தத்தை நான் இரண்டு மனதோடுதான் பார்க்கிறேன். சூரியன் மறையும்போது இறக்க வேண்டும் என்ற பழைய விதி இருந்தவரை தினமும் ஒருவர் கம்பத்தின் அடிக்கு வந்தார். கயிற்றைத் தொட்டார், கப்பி கிறீச்சிடுவதைக் கேட்டார், கொடியின் ஓரம் பிரிவதைப் பார்த்தார். இரவும் பகலும் பறக்கலாம் என்று ஆனதும் யாரும் கிட்டேயே போவதில்லை. பழைய பி பிளாக் கம்பத்தின் கிளாம்ப் எத்தனை நாளாக ஆடிக்கொண்டிருந்தது என்று நம் யாருக்குமே தெரியாது.

அதனால் தீர்மானத்தோடு ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது உங்களுக்குத் தெரியும்; செய்தியில் "ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் ஒரு கம்பத்தில் ஏறும் சைகைதான், கோட்டைக் கம்பம் கப்பல்களுக்குச் சொன்ன அதே செய்தியின் வாரிசு. மொத்தம் 11 எண்கள். 1, 2 தூரத்தில் உள்ள ஆபத்து. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 10 வரை அபாயமும் பெரும் அபாயமும். 11 தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். சென்னையில் 3ஆம் எண் ஏறியதுமே நம் கொடி இறங்கிவிட வேண்டும். கொடி இல்லாத கம்பத்துக்கு உச்சியில் இழுப்பு இல்லை. கயிற்றையும் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். தளர்ந்த கயிறு வெற்று இரும்பில் ராத்திரி முழுக்க டங் டங்கென்று அடிக்கும், ஏ பிளாக் முதல் மாடிக்காரர்கள் தூங்க முடியாது.

கொடியின் அளவுக்கு வருகிறேன். கொடிச் சட்டத் தொகுப்பு நீளத்துக்கும் அகலத்துக்கும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தோடு ஒன்பது அளவுகளைச் சொல்கிறது. நமக்குப் பொருந்துபவை இரண்டு: 1350க்கு 900 மில்லிமீட்டர், 900க்கு 600 மில்லிமீட்டர். 30 அடிக் கம்பத்தில் முதலாவது ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டாவது பத்தில் ஒரு பங்கு. ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை பெரியது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறியது என்று இரண்டு கொடி வைத்துக்கொள்ளலாம். ஒன்று கிழிந்தால் மாற்றுவதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். ஆகஸ்ட் 15க்குக் கதர்க் கொடி வேண்டும் என்று மூத்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான ஆசை. அன்றைக்கு ஏற்றி மாலையில் இறக்கி மடித்து வைப்போம். தினப்படிக்குப் பாலியெஸ்டர் போதும். இந்தியத் தர அமைப்பின் தரங்களில் ஐ.எஸ். 1, அதாவது முதல் எண், 1951இல் தேசியக் கொடிக்கே கொடுக்கப்பட்டது. துணியின் நூலிழையிலிருந்து சாயம் வரை அதில் கணக்கு இருக்கிறது. கதர்க் கொடி வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள்.

சங்கத்தின் சின்னம் போட்ட கொடியையும் அதே கம்பத்தில் கீழே கட்டலாமா என்று இளைஞர் குழு கேட்டிருந்தது. கூடாது. தேசியக் கொடி பறக்கும் கம்பத்தில் வேறு கொடி சேர்ந்து பறக்கக் கூடாது என்பது விதி. ஆண்டுவிழாவுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் கம்பத்துக்குக் கமிட்டி பார்த்திருக்கும் இடம், சி பிளாக்குக்கும் மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்கும் நடுவில் உள்ள புல்வெளி. சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கிறோம். 30 அடி ஆரம் எங்கே வரை போகிறது என்று நடந்து பாருங்கள். வட்டத்தின் ஒரு ஓரம் இருசக்கர வாகனம் நிறுத்தும் கூரையைத் தொடுகிறது; பத்தடி தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். மூன்று கொட்டேஷன்களும் அலுவலக அறையில் இருக்கின்றன. புயல் நாளில் கொடி இறக்குவதற்கு ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஒரு பெயர் தேவை. ஏ, சி பிளாக்குகள் கொடுத்துவிட்டன. பி, டி பிளாக்குகள் பொதுக்குழுவுக்கு முன் செக்யூரிட்டி மேஜையில் உள்ள நோட்டில் எழுதிவிடுங்கள்.